தாமோதரம்பிள்ளையவர்களும் அவர் நூல்களை மதிப்பிட்டோரும்

பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஈழத்துப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு பணித்தபோது, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களை நாம் தெரிந்தெடுத்தோம். அவர்தம் வரலாறு இத்தகைய மலர்களுக்குப் புதியதன்று. அவர் ஏட்டுச் சுவடி தேடி அலைந்ததும், தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியதும் நம் மாணவர் பாடநூல்களிற் படித்தவையே. எனினும், ஒருவர் செய்த நூலை மதிப்பிடத் தக்கவர் யார், அவர் எத்தகைய நெருக்குதல்களுக்கு உட்பட்டு மதிப்பிடுகின்றார், அம்மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாக்களை மனத்திற் கொண்டு அவ்வரலாற்றைப் படித்தோர் சிலரேயாவர்.

இன்று பல்கலைக்கழகத்தார் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை, அத்துறை வல்லார் இருவரோ மூவரோ படித்துத் தக்கதெனச் சொன்ன பின்னரே ஆய்விதழில் இடம்பெறுகின்றது. நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகுவோர் ஒரு நாள் அம்மதிப்பீட்டின்கீழ் வருவர். அவருட் சிலர் மதிப்பிடுவோர் ஆசனத்திலும் அமர்வர். இரு திறத்தார்க்கும் பிள்ளையவர்கள் வரலாற்றிற் கற்கவேண்டியது உண்டென்பது நம் துணிபு.

தாமோதரம்பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி, வலிகாமம் கிழக்கிலுள்ள சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளையவர்களின் புதல்வராய்ப் பிறந்தார். மிசனரிமார் பள்ளியில் அவர் பெற்ற பெயர் சார்ள்ஸ் வின்ஸ்லோ என்பது. பின்னர் அவர் சைவராய் வாழ்ந்த காலத்தும் சி. வை. என்னும் முதலெழுத்துகள் மாறவில்லை. சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை மகன் என அவை சைவப் பெயராகவும் அமைந்துவிட்டன. எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு. பிற்காலத்தில் ஏட்டுப் பிரதிகளோடு போராடியவர்க்கு இஃது இளமையிலேயே கிடைத்த பயிற்சி போலும்.

இலக்கணத்தைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் கேட்டார். ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றார். அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய அக்கல்லூரி, அக்காலத்து ஆசியாவிலே பெயர்பெற்ற உயர்கல்வி நிலையங்களுள் ஒன்று. கற்றபின் கோப்பாயிலே சிலகாலம் ஆசிரியராயிருந்தார். இருபது வயதைத் தாண்டியவுடனே நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிற் பதிப்பித்தார். பேர்சிவல் பாதிரியார் அவரைச் சென்னைக்கு அழைத்துத் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைக் கொடுத்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதற் பீ.ஏ. பரீட்சையிலே தேறினவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பதை நம்மவர் எடுத்துச் சொல்லாத மேடை இல்லை.

பரீட்சை என்பதும் ஒரு மதிப்பீடே. ஆனால் அதன்கண் வினா முன்னரே வகுக்கப்பட்டது. விடையும் ஏறக்குறைய அறியப்பட்டது. பரீட்சகர் மாணவரினும் அறிவின் மிக்கவர் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிள்ளையவர்கள் பின்னர்த் தலையிட்ட தொழிலில் இம்மூன்றும் இல்லை. யாரும் அச்சிற் காணாத நூலைப் பதிப்பிப்பவர் சரியாகப் பதிப்பித்தாரா என்று சொல்லவல்லவர், அந்நூலை அவரளவு ஆழ்ந்து படித்தவராய் இருத்தல் வேண்டும். அத்தகையோர் நாட்டில் நாலைந்து பேராயின், அவர் அந்நாலைந்து பேரும் பதிப்பாசிரியருக்கு நண்பராகவோ போட்டியாளராகவோ இருப்பர். புதியது எதுவோ அதனை மதிப்பிடுவாரின் தொகை சுருங்குகின்றது. அத்தொகை சுருங்கச் சுருங்க நடுவுநிலை அரிதாகின்றது. இவ்விடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பௌதிகத்துக்கும் மருத்துவத்துக்கும் உரியதே.

பிள்ளையவர்கள் சிறிதுகாலம் கோழிக்கோட்டிலே ஆசிரியராயிருந்து, பின் சென்னை அரசாங்கக் கணக்குப் பகுதியிலே அமர்ந்து, படிப்படியாய் உயர்ந்தார். 1871இல் பீ.எல். பட்டமும் பெற்றார். பகலிலே இலக்கங்களைச் சரிபார்த்தவர் இரவிலே ஏடுகளைச் சரிபார்த்தார். கணக்குச் சரிபார்ப்பவருக்கு நட்பும் பகையும் இல்லை, கூட்டுத்தொகை ஒன்றே உண்டு. சுவடிப் பணியில் அவர் காட்டிய பொறுமைக்கு அவ்வுத்தியோகமும் ஒரு காரணமென நாம் எண்ணுகின்றோம்.

அவர் கைவைத்த முதற் பெருநூல் தொல்காப்பியச் சொல்லதிகாரம், சேனாவரையர் உரையோடு. அது 1868இல் வெளிவந்தது. அதனைப் பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். பரிசோதித்தல் என்னும் இச்சொல்லை நம் மாணவர் கவனித்தல் வேண்டும். பிரதிகளை ஒப்பிட்டு, பாடந் துணிந்து, பிழை களைந்து, அச்சுத்தாளையும் பார்த்துக் கொடுத்தலே அக்காலத்துப் பரிசோதனை. நாவலர் பெயர் நின்றால் அந்நூலில் வழு இராது என்பது தமிழ்நாடு எங்கணும் நிலவிய நம்பிக்கை. அந்நம்பிக்கை பெருமளவு உண்மையே. ஆயினும் ஒருவர் பெயரையே உரைகல்லாகக் கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. 1879இல் நாவலரவர்கள் சிவபதமடைந்தார். பெயர் போயிற்று, அதனோடு உரைகல்லும் போயிற்று. அதன்பின் பிள்ளையவர்கள் தனித்து நின்றார்.

1881இல் வீரசோழியம் பெருந்தேவனார் உரையோடு வெளிவந்தது. பௌத்தர் செய்த இலக்கணத்தைச் சைவர் ஒருவர் அச்சிட்டார். 1883இல் தணிகைப் புராணமும் இறையனார் களவியலும் வந்தன. 1889இல் சமண காவியமாகிய சூளாமணி வந்தது. சமயப் பூசல் மிக்க அக்காலத்திலே இவ்வரிசை எளிதானதன்று. அவர் சைவ மகத்துவம் முதலிய நூல்களும் இயற்றியவராதலின், தம் சமயத்திற் குறைந்த பற்றுடையவர் என்று எவரும் சொல்லுதற்கில்லை. வீரசோழியப் பதிப்புரையிலே தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலமாக வகுத்துக் காட்டினார். அவ்வகுப்பு இன்று நிற்பதன்று. எனினும் பின்வந்தோர் தள்ளுதற்கேனும் ஒரு வகுப்பை முதலில் ஒருவர் சொல்லவேண்டியிருந்தது.

இறையனார் களவியலை அவர் பதிப்பித்தது நம் பொருளுக்கு மிக இயைந்ததொரு நிகழ்ச்சி. அந்நூலுரையிலேயே நூல் மதிப்பீடு பற்றிய பழங்கதை ஒன்று உண்டு. அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனி உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதில் அவர்க்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. அரசன் தீர்ப்புச் சொல்ல மறுத்து, நீங்களே ஒரு காரணிகனை நாடுக என்றான். காரணிகன் என்றால் நடுநின்று துணிபவன். ஈற்றில் தெய்வ வாக்கின்படி, உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளையை ஆசனத்தில் இருத்தி எல்லாரும் தத்தம் உரையைப் படித்தனர். மருதனிளநாகனார் உரை கேட்டபோது சிற்சில இடங்களில் அப்பிள்ளை கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரை கேட்டபோது பதந்தோறும் அவ்வாறாயினான். அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர்.

இக்கதையைக் கட்டுக்கதை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் இதனைப் புனைந்தவர் உலகியல் அறிந்தவர். நாற்பத்தொன்பது வல்லுநர் இருந்தும் அவருள் ஒருவரைக் காரணிகராக்க இயலவில்லை. ஒவ்வொருவர்க்கும் தம் உரை ஒன்று கையில் இருந்தது. பதவியும் பங்கும் இல்லாத ஒருவரை வெளியே தேடவேண்டியதாயிற்று. அவ்வொருவரும் பேசாதவராய் இருந்தது இன்னும் சிறப்பு! ஏன் இவ்வுரை நன்று என்று அவர் காரணஞ் சொல்லவில்லை, கேட்டோரும் கேட்கவில்லை. இன்றைய ஆய்விதழ்களின் காரணிகரும் பெயர் தெரியாதவர். அவருட் சிலர் காரணமும் சொல்லாதவர். வேறுபாடு யாதெனில், உருத்திரசன்மன் கண்ணீராவது வடித்தான்.

மற்றொரு கதை தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் உள்ளது. அவ்வுரையைக் கொண்ட எழுத்ததிகாரத்தையும் பிள்ளையவர்கள் பதிப்பித்தார். மழவை மகாலிங்கையர் 1840களிலே அதனை முதலில் அச்சிட்டிருந்தார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டாசிரியர். அகத்தியருக்குத் தொல்காப்பியர்மேற் சினம் இருந்தமையால், அந்நூலைக் கேளாதே என்று அவர் அதங்கோட்டாசிரியரிடம் சொல்லிவைத்தார். தொல்காப்பியரோ, கேட்டேயாக வேண்டுமென்று பலமுறை சென்று வேண்டினார். இருவரையும் பகையாமல் தப்புதற்கு வழி, நூல் முழுவதுக்கும் குற்றங் கூறுதலே என்று அதங்கோட்டாசிரியர் துணிந்தாராம். கூறிய குற்றம் ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் விடை இறுத்தார். நூல் குற்றமற்றதென நிறுவப்பட்டது.

நாம் வகுப்பிலே இக்கதையைச் சொல்லும்போது மாணவர் சிரிப்பர். சிரிப்புக்குள்ளே மூன்று உண்மைகள் கிடக்கின்றன. மதிப்பிடுபவர் மீது மூத்தவர் ஒருவரின் நெருக்குதல் இருந்தது. நூலை வாசிக்குமுன்னரே குற்றங் கூறுவதென்று முடிவாயிற்று. ஆயினும் அக்குற்றங்கள் அவையிலே, நூலாசிரியர் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டமையால் அவற்றுக்கு விடை சொல்ல இடமிருந்தது. மூன்றாவது இல்லையாயின் முதலிரண்டும் தொல்காப்பியத்தை அழித்திருக்கும்.

இனி 1885ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டிலேதான் பிள்ளையவர்கள் பொருளதிகாரத்தை அச்சிட்டார். அதுவரை பொருளதிகாரம் அச்சேறவில்லை. பிரதிகள் மிகச் சில. உள்ளவையும் செல்லரித்தும் முறிந்தும் எழுத்துத் தேய்ந்தும் கிடந்தன. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் போன்றார் அவர்தம் பணிக்கு ஏடு உதவினர். தமிழகத்திலே அப்போது பெரும் புலவர் பலர் இருந்தனர். பிள்ளையவர்களினும் இலக்கண இலக்கியப் பயிற்சி மிக்கார் அவருள் இருந்தனர் என்பதை அவரே மறுக்கவில்லை. அவர் ஏன் முன்வரவில்லை? தம் பதிப்புரையிலே பிள்ளையவர்கள் தரும் காரணம் சிந்திக்கற்பாலது. பண்டிதர், மகாவித்துவான் முதலான பட்டங்களைத் தலையிற் சுமந்தோர், எங்கே ஒரு பிழை நேர்ந்து தம் பெயருக்கு இழுக்கு வருமோ என்று அஞ்சி இவ்வேலையிற் புகார். அச்சுமை இல்லாத தம் போல்வார்க்கே அஃது இயலும் என்னும் கருத்துப்பட எழுதினார். தம் பிழைகளைப் பொறுத்துத் திருத்துமாறு அறிஞரை வேண்டினார்.

நூல் மதிப்பீட்டின் மெலிவுகளைப் பேசுவோர் பெரும்பாலும் நல்ல கட்டுரை தள்ளப்பட்டதையும் தீய கட்டுரை ஏற்கப்பட்டதையும் சொல்வர். மதிப்பீட்டுக்கு அஞ்சி எழுதப்படாமலே போனவற்றை எவரும் எண்ணுவதில்லை, எண்ணவும் இயலாது. பிழையென்று பிறர் சொல்லுவர் என்ற அச்சத்தால் வல்லவர் வாளா இருக்க, ஏடுகள் செல்லுக்கு இரையாயின. 1885இல் வழுவோடாயினும் அச்சேறியது பிழைத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் சாம்பராயின. அச்சிற் புகுந்த நூலோ எங்கேனும் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் ஒரு படி கிடக்கும்.

பதிப்பு வெளிவந்ததும் கண்டனம் எழுந்தது. அக்காலம் கண்டனக் காலம் என்பதை அறிதல் வேண்டும். துண்டுப் பிரசுரம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு எனச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சுக்கூடங்கள் ஓயாது உழைத்தன. இராமலிங்க சுவாமிகளின் பாடல்களைப் பற்றி நாவலரவர்கள் தொடங்கிய வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. புலமைக் கருத்து வேற்றுமையை மாசித்திரேத்து தீர்க்கும் நிலை வந்ததென்றால் வேறு காரணிகர் இல்லாமற் போயினர் என்பதே பொருள். கண்டனங்களுட் பல சந்தியையும் குற்றெழுத்தையும் பற்றின. சில ஆளையே பற்றின. பிள்ளையவர்கள் தம் மீது எழுந்தவற்றுட் சிலவற்றுக்குப் பின்வந்த பதிப்புரைகளிலே விடை எழுதினார். அவ்விடைகளிற் சில இடங்களில் சூடு மிகுதி என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. கைப்பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டவருக்குச் சினம் வருதல் இயல்பே.

1887 தமிழ்ப் பதிப்பு வரலாற்றிற் பொன்னாண்டு. பிள்ளையவர்களின் கலித்தொகையும் கும்பகோணத்திலிருந்த உ. வே. சாமிநாதையரவர்களின் சீவக சிந்தாமணியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கப் பிள்ளையவர்கள் விரும்பினார் என்பதும், ஐயரவர்களின் பிரதியையும் குறிப்புகளையும் கேட்டார் என்பதும், பல ஆண்டு உழைத்த ஐயரவர்கள் கொடுக்க இசையவில்லை என்பதும் ஐயரவர்கள் தம் சுயசரிதத்திலே எழுதியவை. இதிலே எவர்மேலும் குறை காண்பதற்கில்லை. ஆனால் நம் பொருளுக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. பிள்ளையவர்கள் பதிப்பை மதிப்பிட ஐயரவர்களிலும், ஐயரவர்கள் பதிப்பை மதிப்பிடப் பிள்ளையவர்களிலும் தக்கார் அன்று எவர்? அவ்விருவரும் ஒரே ஏட்டுக்குக் கைநீட்டியவர்கள். இன்றைய ஆய்விதழாசிரியர் ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பும்போதும் இதே தடுமாற்றமே. அறிந்தவர்க்குப் பங்கு உண்டு; பங்கில்லாதவர்க்கு அறிவு போதாது. சிந்தாமணிக்கும் கண்டனத் துண்டுகள் வந்தன. அவற்றையும் ஐயரவர்கள் பதிவு செய்துள்ளார்.

மேனாட்டு வழக்கத்தையும் சிறிது நோக்குவோம். இலண்டன் ரோயல் சங்கத்தார் 1665 முதல் வெளிவரும் தம் ஆய்விதழுக்கு 1752இல் ஒரு குழுவை நியமித்தனர். 1830களில் எழுத்து மூலம் மதிப்பீடு பெறும் முறை அங்கு வேரூன்றிற்று. 1845இல் யோன் வாட்டர்ஸ்ரன் என்பார் வாயுக்களின் இயக்கம் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். இந்தியாவிலே ஆசிரியராயிருந்த அவரைச் சங்கத்தார் பலர் அறியார். மதிப்பிட்டோர் அக்கட்டுரையைப் பயனற்றதெனத் தள்ளினர். அது சங்கத்துப் பெட்டியிலே கிடந்தது. 1883இல் வாட்டர்ஸ்ரன் காணாமற் போனார். ரேலி பிரபு அதனைக் கண்டெடுத்து 1892இல் அச்சிட்டபோது, பிறர் பின்னர்க் கண்ட பல உண்மைகளை அவர் முன்னரே கண்டிருந்தமை வெளியாயிற்று. நேச்சர் என்னும் பெயர்பெற்ற இதழே 1973இல்தான் எல்லாக் கட்டுரைக்கும் வெளி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. ஆகவே இம்முறை தொன்றுதொட்டு வந்ததொரு வேதமன்று. அண்மைக் காலத்து ஏற்பாடு.

அவ்வேற்பாட்டின் மேல் இன்று சுமை மிகுந்துவிட்டது. பதவி உயர்வுக்குக் கட்டுரைத் தொகை எண்ணப்படுகின்றது. எண்ணப்படுதலின் கட்டுரை பெருகுகின்றது. பெருகியவற்றைப் படிப்பவர் ஊதியமின்றி, தம் வேலைக்கிடையே, இரவிலே படிக்கின்றனர். விரைந்து படிப்பவர் பெயரறிந்த எழுத்தாளரை எளிதில் ஏற்பதும், அறியாதவரைக் கடிந்து நோக்குவதும் மனித இயல்பு. பெயரை மறைத்து அனுப்பினாலும், தமிழாராய்ச்சி போன்ற சிறு வட்டத்தில் இரண்டாம் பக்கத்திலே எழுதியவர் யாரென்று விளங்கிவிடும். பணம் பெற்றுக்கொண்டு, மதிப்பீடு செய்தோம் என்று பெயருக்குச் சொல்லி, வந்ததையெல்லாம் அச்சிடும் இதழ்களும் தோன்றிவிட்டன. அவற்றைப் பற்றி எழுதி இம்மலரின் தாளை வீணாக்கோம்.

அளவெட்டியாராகிய நமக்கு வல்லார் முன் வல்லார் நிற்றல் என்பது என்னவென்று பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. கும்பிளாவளைப் பிள்ளையார் கோயில் வீதியிலே என். கே. பத்மநாதன் அவர்களின் நாதசுரத்தையும், வி. தட்சணாமூர்த்தி அவர்களின் தவிலையும் கேட்ட தலைமுறை இன்னும் இவ்வூரில் உண்டு. கூட்டத்தில் ஆயிரவர் இருப்பினும் வித்துவானின் கண் முன்வரிசையில் இருக்கும் மற்றொரு வித்துவான்மேலேயே இருக்கும். அவர் தலையசைப்புக்குப் பொருள் உண்டு. அசையாமைக்கும் பொருள் உண்டு. ஆனால் அங்கே மதிப்பிடுபவர் மறைந்திருப்பதில்லை. அடுத்த இரவு அவரும் அதே வீதியிலே வாசிக்கவேண்டும்.

நிற்க. பிள்ளையவர்கள் அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபின் 1887 முதல் மூன்றாண்டு புதுக்கோட்டை மன்றத்தில் நீதிபதியாய் இருந்தார். இரு கட்சியையும் கேட்டுத் தீர்ப்பெழுதிக் கையொப்பமிடும் அத்தொழிலோடு பதிப்பு வேலையும் நடந்தது. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வந்தன. 1890களின் தொடக்கத்தில் தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையோடு வந்தன. 1895இல் அரசினர் இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். பட்டச் சுமையைப் பற்றி எழுதியவர்க்கும் ஈற்றில் ஒரு பட்டம் வந்தது. ஆயினும் அஃது அவர் பதிப்பு வேலையை நிறுத்தியதாகத் தெரியவில்லை. 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி சென்னையிலே அவர் காலமானார். பரிதிமாற் கலைஞர் எனப்படும் சூரியநாராயண சாத்திரியார் இரங்கற்பா இயற்றினார்.

அவர் மறைந்த பின்னரே அவருடைய மிகப் பெரிய வழு வெளிப்பட்டது. பொருளதிகாரம் ஒன்பது இயல்களை உடையது. 1885ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஒன்பது இயல்களின் உரையும் நச்சினார்க்கினியர் உரையென்றே அச்சாயிற்று. பதினேழு ஆண்டாகத் தமிழுலகம் அவ்வாறே படித்தது. கண்டனக்காரர் பலரும் அவ்வாறே படித்தனர் என்பதை மறத்தலாகாது. ஒற்று மிகுமா மிகாதா என்று வரிந்துகட்டி நின்றோர் கண்ணுக்கு, நூலின் ஏறக்குறையச் சரிபாதி வேறொருவர் உரை என்பது தோன்றவில்லை.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் இதழாகிய செந்தமிழ் 1902இல் தொடங்கிற்று. அதன் ஆசிரியரும் சேதுபதி அவைப் புலவருமாகிய இரா. இராகவையங்காரவர்கள் அவ்விதழின் முதற்றொகுதியிலேயே, மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கும் அச்சில் உள்ள உரை நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையது என்று காட்டினார். உரைப்போக்கையும், உரைகாரர் ஒருவரையொருவர் சுட்டும் இடங்களையும் பக்கம் பக்கமாக ஒப்பு நோக்கியே இம்முடிவுக்கு வந்தார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உண்மையுரை பின்னர் வேறு ஏட்டிலிருந்து கிடைத்து 1917இல் அச்சாயிற்று.

இதிலே நாம் கவனிப்பன சில. இராகவையங்காரவர்கள் பெயர் மறைக்கவில்லை, சான்று மறைக்கவில்லை. நூல் அச்சில் இருந்தமையால், அவர் சொன்னது சரியா என்று எவரும் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. ஏட்டளவில் இருந்திருப்பின் இவ்வழு எவருக்கும் தெரிந்திராது, திருத்தமும் வந்திராது. 1885இல் அச்சிடுமுன் யாரேனும் காரணிகராய் இருந்து இதனைக் கண்டிருப்பாரா? நாம் ஐயுறுகின்றோம். நாவலரவர்கள் இருந்திருந்தால் ஒருவேளை கண்டிருக்கலாம். மற்றையோர் ஏடுகளை ஒப்பிடும் வாய்ப்பே பெறாதவர். அச்சுக்கு முன் நிகழும் மதிப்பீட்டால் சிறு பிழைகள் நீங்கும். பெரும் பிழைகளுக்கு நூல் உலகிற் சிலகாலம் உலவிப் பலர் கைப்படவேண்டியிருக்கின்றது. வாட்டர்ஸ்ரனுக்குக் கிடைக்காத அவ்வாய்ப்புப் பிள்ளையவர்களின் தொல்காப்பியத்துக்குக் கிடைத்தது.

நம் ஊரை ஒட்டியதொரு செய்தியையும் சொல்லவேண்டும். மல்லாகத்தைக் கடந்து கிழக்கே சென்றால் வரும் ஏழாலையிலே பிள்ளையவர்கள் 1876இல் ஒரு சைவ வித்தியாசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரவர்கள் அங்கே ஆசிரியராய் இருந்தார். பிள்ளையவர்களின் பதிப்பு வேலைக்கு ஏடு பார்த்து உதவியவருள் அவரும் ஒருவர். சென்னையிலே பட்டம் பெற்ற நீதிபதி ஒருவர், தம்மிலும் இருபது ஆண்டுக்கு மேல் இளையவரும் தம் சம்பளத்தில் ஆசிரியராய் இருந்தவருமான ஒருவரிடம் பாடங் கேட்டறிதலைக் குறைவாக எண்ணவில்லை. சம்பளம் கொடுப்பவர் பிழையைச் சம்பளம் பெறுபவர் எடுத்துச் சொல்வது எளிதன்று என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் நன்கு அறிவோம். அவ்விருவரிடையே அது நிகழ்ந்தது.

குமாரசுவாமிப் புலவரிடம் பாடங் கேட்டவருள் ஒருவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரவர்கள். அவர் பல்லாண்டு தொல்காப்பியத்தை ஆராய்ந்து, பழைய பதிப்புகளின் பிழைகளைத் திருத்தி, விளக்கக் குறிப்புகளும் எழுதினார். ஈழகேசரி நா. பொன்னையா அவர்கள் அவற்றைச் சுன்னாகத்திலே அச்சிட்டார். எழுத்ததிகாரம் 1937இல் வந்தது. சொல்லதிகாரம் 1938இல் வந்தது. பொருளதிகாரத்தை இரு பாகமாக்கினர். 1943இல் வெளிவந்த பாகத்தின் முகப்பிலே பின்னான்கியலும் பேராசிரியமும் என்று அச்சாயிற்று. முன்னைந்தியல் நச்சினார்க்கினியத்தோடு 1948இல் வந்தது. சிறுப்பிட்டியார் மாறிப் போட்ட பெயரைப் புன்னாலைக்கட்டுவனார் உரியவர்க்கே முகப்பிற் பொறித்தார். இரண்டு ஊருக்கும் இடையே சைக்கிளில் ஒரு மணி நேர வழிகூட இல்லை. அப்பதிப்பின் படிகள் கிடைக்கும் நூலகங்களில், மாணவர் 1885ஆம் ஆண்டுப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்பாட்டியல் முதற் சூத்திர உரையைப் படித்துப் பார்க்கலாம்.